அமாவாசை தவறாத அடைப்பு

எங்கள் வீட்டுக் கக்கூஸ் பஞ்சாங்கம் பார்க்கும். இரண்டு நாள் முன்னே பின்னே இருக்கலாமே தவிர, அமாவாசை வந்தால் அடைத்துக்கொள்ளும். நான் விரதம் இருக்கிறேனோ இல்லையோ, அது இருந்துவிடும். ஒன்றையும் விழுங்க மாட்டேன் என்று அப்படி ஓர் அடம்.

முதலில் களக், களக் என்று ஒரு சத்தம் வரும். பிறகு தண்ணீர் விளிம்பு வரை ஏறி நின்று என்னையே பார்க்கும். சரியாக அந்த நேரத்தில் என் வீட்டுக்காரருக்குக் கிருஷ்ணகிரி பஸ் ஞாபகம் வந்துவிடும். அங்கே மாம்பழக் கூழ் போடுகிற கம்பெனி ஒன்றில் ஸ்டோர் பார்க்கிறார். சீசன் முடிந்து கம்பெனியில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் மாதத்தில்கூட, வாடை வந்ததும் "இன்னிக்கு லோடு வருதுடி" என்று சட்டையை மாட்டுவார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய ஆள், ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்லை.

வீடு ஓசூரில், ராயக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தக்காளி வண்டிகள் திரும்புகிற இடத்தில் இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் கட்டியது. கீழே நாங்கள் இரண்டு பேர். மேலே வாடகைக்கு ஒரு சின்னஞ்சிறு ஜோடியும் அவர்களுடைய கைக்குழந்தையும். அவன் சிப்காட்டில் ஷிப்டு வேலை. அந்தப் பெண்ணுக்குத் தளி பக்கம். குழந்தையிடம் கன்னடம், என்னிடம் தமிழ், காய்கறிக்காரரிடம் தெலுங்கு என்று மூன்று பாஷையிலும் மெதுவாகத்தான் பேசும். இவர்கள் குடி வந்து ஐந்து மாதம். அதற்கு முன்பும் அடைப்பு எப்போதாவது வரும், போகும். இவர்கள் வந்த பிறகுதான் மாதத்துக்கு ஒன்று என்று ஆனது.

இப்போது என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக குவாலிட்டி பார்க்கிறேன். ஒரு மயிரிழை கூடக் குறைய இருந்தாலும் பீஸைத் தூக்கிச் சிவப்புப் பெட்டியில் போடுகிற கை இது. அங்கே ஒரு பழுது வந்தால் அதன் வேரைக் கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. ஏன் என்று கேட்க வேண்டும். வருகிற பதிலைப் பிடித்து மறுபடி ஏன் என்று கேட்க வேண்டும். இப்படி ஐந்து தடவை. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு இதை நான்தான் வகுப்பு எடுக்கிறேன். அந்தக் கெத்தில், மூன்றாவது அமாவாசை அடைப்பின்போது, காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினேன்.

தண்ணீர் ஏன் ஏறுகிறது? அடைப்பு. ஏன் அடைப்பு? எதையோ போட்டிருக்கிறார்கள். யார் போட்டார்கள்? கீழே நாங்கள் இரண்டு கிழங்கள், நாங்கள் எதைப் போடப்போகிறோம்? அப்படியானால் மேல் வீடு. எதைப் போட்டார்கள்? கைக்குழந்தை இருக்கிறது, டயபர்தான். நாலு கேள்வியிலேயே முடிந்துவிட்டது. ஐந்தாவது தேவைப்படவில்லை. அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் மேல் காந்தம் வைத்து ஒட்டியும் வைத்தேன்.

சாட்சியும் பக்காவாக இருந்தது. மேலே அவர்கள் தண்ணீர் ஊற்றினால் கீழே எங்கள் கோப்பையில் பொங்கும். இதைவிட என்ன வேண்டும்? களக் சத்தம் கேட்டதும் மாடிப்படி அடியில் போய் நின்று, "மேல தண்ணி ஊத்தாதீங்க!" என்று ஒரு கத்து கத்துவேன். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பெண் கைப்பிடிச் சுவர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "சரிக்கா" என்னும்.

ஒருநாள் நேராகவே கேட்டேன். "ஏம்மா, டயபர எதுல போடற?"

"நான் டயபர் போடறதில்லக்கா. துணிதான்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றேன். எல்லோரும் என்றால் யார் என்று எனக்கே தெரியாது. இதற்கு முன் யாரிடமும் நான் டயபர் விசாரணை நடத்தியதில்லை.

அடைப்பு எடுக்க வருகிறவர் காவேரிப்பட்டினத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். மொபட்டின் பின்னால் சுருட்டிய ஸ்பிரிங்கையும் அதைச் சுற்றுகிற மோட்டாரையும் கட்டிக்கொண்டு வருவார். அடைப்போடு பேசிக்கொண்டே வேலை செய்வது அவர் பழக்கம். தமிழில் திட்டுவார், தெலுங்கில் கெஞ்சுவார். மாதாமாதம் வந்து வந்து என் வீட்டுக் காப்பி டம்ளர் எது என்பதுகூட அவருக்கு மனப்பாடம்.

ஒவ்வொரு தடவையும் ஒரே கதைதான். பின்பக்கத்துச் சேம்பர் குழியிலிருந்து ஸ்பிரிங்கை விடுவார். கொஞ்ச தூரம் போய் எதிலோ முட்டும். குத்திக் குத்தி ஒரு ஓட்டை போட்டதும் தண்ணீர் இறங்கிவிடும். "உள்ள என்னமோ தட்டுது மேடம். நடுவுல சேம்பர் ஏதும் கீதுங்களா?" என்று கேட்பார். நானும் "அதெல்லாம் கெடயாது, பின்னாடி ஒண்ணு, செப்டிக் டேங்க் கிட்ட ஒண்ணு, அவ்ளோதான்" என்று அடித்துச் சொல்வேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே காப்பியைக் குடிப்பார்.

நான்காவது அடைப்பு, என் அண்ணன் வீட்டார் வந்திருந்த அன்று வந்தது. சாப்பாட்டு இலை போட்டாகிவிட்டது. அண்ணி உள்ளே போன வேகத்தில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். பாயசம் வைத்த வீட்டில் அப்படி ஒரு வாடை. மானம் கப்பலேறிவிட்டது. அவர்கள் கிளம்பின மறு நிமிஷம் நான் மாடி ஏறினேன். அந்தப் பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. உட்காரக்கூட இல்லை, நின்றவாக்கிலேயே சொன்னேன்.

"இந்த மாசம் முடியறதுக்குள்ள வீட்டக் காலி பண்ணிடுங்க."

"அக்கா, நாங்க ஒண்ணியும் போடலக்கா."

"நீங்க போடல, நான் போடல. தானா மொளைக்குதா?"

கைக்குழந்தையோடு இந்த ஊரில் வீடு தேடுவது எப்படிப்பட்ட பாடு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏழு வீட்டு வாசலில் நின்றவள்தான். தெரிந்தே சொன்னேன். கோபம் அப்படி. கீழே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "கொழந்த இருக்கற வீடு. வேற எடம் சிக்கலனா எங்க போவாங்க?" என்றார். பஸ்சுக்கு ஓடுகிறவருக்கு இதில் என்ன கருத்து என்று அவரையும் ஒரு பிடி பிடித்தேன்.

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அமாவாசையும் ஒன்றாக வந்தன. மேல் வீட்டில் சாமான் கட்டுகிற சத்தம் இரண்டு நாளாகவே கேட்டது. காலையில் எழுந்து போனால், கக்கூஸில் தண்ணீர் விளிம்பில் நிற்கிறது. போகிற போக்கில் கடைசியாகவும் ஒன்று போட்டுவிட்டுத்தான் போகிறார்கள் என்று பல்லைக் கடித்தேன். காவேரிப்பட்டினத்துக்காரர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டுக்காரரின் பஸ் சாக்கு செல்லுபடியாகவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, உதவிக்கு வந்தவர் மாதிரி தள்ளி நின்றார்.

ஸ்பிரிங் போனது. அதே இடத்தில் முட்டியது. அன்றைக்கு அந்த மனுஷனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "இன்னிக்கு நீயா நானா பாத்துர்றேன்" என்று பைப்பிடம் சொல்லிவிட்டு, ஸ்பிரிங்கில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்து வெளியே இழுத்தார். உள்ளே போன நீளத்தை அப்படியே தரைமேல் பைப் போகிற வழியில் பரப்பிக்கொண்டே நடந்தார். பக்கச் சுவரை ஒட்டி வந்தார், மூலையில் திரும்பினார், முன்பக்கம் வந்தார். கேட்டை ஒட்டி, வாசல் டைல்ஸ் மேல், அன்று காலை நான் போட்ட எட்டுப் புள்ளிக் கோலத்தின் நட்ட நடுவில் ஸ்பிரிங்கின் முனை வந்து நின்றது.

சுத்தியலின் கட்டைப் பக்கத்தால் டைல்ஸைத் தட்டினார். ஓரத்தில் தட்டினால் டொக். கோலத்தின் நடுவில் தட்டினால் டம்.

"மேடம்," என்று நிமிர்ந்தார், "கீழ காலியா கீது. இங்க மூடி ஏதாவது வச்சி டைல்ஸ் ஒட்டினீங்களா?"

எனக்கு எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம் முழுசாக ஞாபகம் வந்தது.

வீடு கட்டும்போது கட்டட மேஸ்திரி என்னிடம் வந்து நின்றார். "பைப்ப வடக்கால நேரா வுட்டா முப்பது அடியில டேங்க்குக்குப் போயிரும் மேடம்." வடக்கால் விட்டால் ஈசானிய மூலையைத் தாண்ட வேண்டும். வாஸ்து பார்த்தவர், அந்த மூலையில் கழிவு போனால் குடும்பம் விளங்காது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாமி மூலையில் கக்கூஸ் தண்ணீரா? மாட்டவே மாட்டேன் என்றேன். "அப்ப வீட்ட சுத்தி முன்னாடி பக்கமா வரணும். எழுபது அடி, மூணு பென்ட். வாட்டம் கெடைக்காதுங்க" என்றார். சரிவுக்குக் கொத்தனார்கள் சொல்கிற வார்த்தை வாட்டம். கம்பெனியில் சப்ளையர்களிடம் சொல்கிற அதே குரலில், "அதெல்லாம் எனக்குத் தெரியாது, வாட்டத்த நீங்க கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். என்னமோ அவர் பையில் வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிற மாதிரி.

முன்பக்கம் சுற்றியதால் அடைப்பு எடுக்கிற சேம்பர் ஒன்று கேட்டுக்கு உள்ளே, வாசலில் வந்து உட்கார்ந்தது. இரும்பு வளையம் வைத்த சிமெண்ட் மூடி. கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. கோலம் போடுகிற இடத்தில் கக்கூஸ் மூடியா? லட்சுமி எப்படி உள்ளே வருவாள், அதன் மேல் கால் வைத்தா? "அத மூடி டைல்ஸ் ஒட்டிடுங்க" என்றேன். "நாளைக்கு தெறக்கணும்னா என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். கிரகப்பிரவேசத்தன்று உள்ளே கூட்டி வந்த பசுமாடு சரியாக அந்த இடத்தில் நின்று சாணி போட்டது. நல்ல சகுனம் என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த மாட்டுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

அதன் பிறகு சேம்பரை மறந்தே போனேன். எட்டு வருஷமாகத் தினமும் காலையில் கக்கூஸ் மேல் குனிந்து கோலம் போட்டிருக்கிறேன்.

"ஒடைங்க" என்றேன்.

டைல்ஸ் தெறித்தது. மூடியின் வளையத்தில் கடப்பாரையைக் கொடுத்து இரண்டு ஆண்களுமாக நெம்பினார்கள். அடித்த வாடையில் வீட்டுக்காரர் பெருமாளே என்று எதிர்ச் சுவருக்கே போய்விட்டார். சத்தம் கேட்டு அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படியின் கடைசிப் படியில் வந்து நின்றது. வரட்டும், அதன் டயபர் அதன் கண் முன்னாலேயே வெளியே வரட்டும் என்று அப்போதும் நினைத்தேன். என்னத்தைச் சொல்ல! புத்தி அப்படிப்பட்டது.

தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றியதும் அடியில் ஒரு கட்டி தெரிந்தது. பைப்பின் வாய்க்கு எதிரே குந்தியிருந்தது.

"எடுங்களேன்" என்றேன்.

காவேரிப்பட்டினத்துக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மெஷின் வுடுவேன், ராடு வுடுவேன். கை வுடற வேல எங்கிட்ட கெடயாதுங்க மேடம். எங்க அப்பன் வுட்டான், நான் வுட மாட்டேன்னு எப்பவோ முடிவு பண்ணிட்டேன். வீடு உங்களுது. உள்ள கீறதும் உங்களுது."

நியாயம். இரண்டு கையிலும் கேரி பேக்கை மாட்டி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு, குப்புறப் படுத்து, முழங்கைக்கு மேல் வரை கையை உள்ளே விட்டேன். இழுத்தேன், வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு இழுப்பு. பொளக்கென்று கையோடு வந்தது.

சிமெண்ட் கட்டி. டைல்ஸ் ஒட்டிய அவசரத்தில் மிச்சக் கலவையை உள்ளேயே தள்ளி மூடியிருக்கிறார்கள். அதில் இரண்டு டைல்ஸ் துண்டு பதிந்திருந்தது. அந்த டைல்ஸின் கூர் விளிம்பில் பிடித்துக்கொண்டு, ஒரு தேங்காய் அளவுக்கு முடி. எங்கள் குளியலறைத் தண்ணீரும் இதே பைப்பில்தான் போகிறது. நான் குவாலிட்டி பார்க்கிறவள் இல்லையா, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பாதி நரை, பாதி மருதாணிச் சிவப்பு. மேல் வீட்டுப் பெண்ணின் முடி கரிக்கட்டை போல இருக்கும். இந்தத் தெருவில் தலைக்கு மருதாணி போட்டு மாதாமாதம் அமாவாசைக்கு முந்தின நாள் அலசுகிற ஆள் ஒருத்திதான், அதுவும் இந்த ஐந்தாறு மாதமாக.

டயபர் இல்லை. ஒரு நூல்கூட இல்லை. மிளகாய் காயப்போட வாரம் இரண்டு தடவை மொட்டைமாடிக்குப் போகிறேன். அங்கே கொடியில் தினமும் பத்துப் பன்னிரண்டு வெள்ளைத் துணி காய்கிறது. அதை ஒதுக்கிவிட்டுத்தான் மிளகாய்த் தட்டோடு நடந்திருக்கிறேன்.

"இப்ப மேலருந்து ரெண்டு பக்கெட் ஊத்தச் சொல்லுங்க, ஓட்டம் பாக்கலாம்" என்றார் அவர்.

நான் படுத்தவாக்கிலேயே தலையைத் திருப்பி, "மேல போயி ஊத்தும்மா" என்றேன். அந்தப் பெண் நகரவில்லை. "ஊத்தும்மா, இனிமே ஒண்ணும் ஆகாது" என்றேன் மறுபடி.

"அந்த கக்கூஸ்ல சாமான் அடுக்கி வச்சிருக்கோம்க்கா."

"காலி பண்றதுக்குக் கட்டினதா? நகர்த்திட்டு ஊத்து."

"இல்லக்கா. ரெண்டு மாசமாவே அடுக்கித்தான் வச்சிருக்கோம். நாங்க அதுல போறதில்ல."

எனக்குப் புரியவில்லை. "போறதில்லன்னா? அப்ப எங்க போறீங்க?"

"அவரு கம்பெனிலயே போயிடுவாரு. நான் காலைல அடுத்த தெருவுல எங்க ஊர்க்காரங்க வீடு இருக்குதுல்ல, பால் வாங்கப் போறப்ப அங்க போயிட்டு வந்துருவேன்."

"நாள் பூரா?"

குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டது. குறை சொல்கிற குரல் இல்லை, ஏதோ சமையல் குறிப்புச் சொல்வது போலத்தான் சொன்னது. "மத்தியானத்துக்கு மேல தண்ணி குடிக்கறதில்லக்கா. குடிக்கலன்னா வராதில்ல. நீங்க கத்துவீங்கன்னு."

பால் கொடுக்கிற பெண். சித்திரை வெயிலில். என் தலைக்கு மேலே, என் வீட்டில்.

கடைசி இரண்டு அடைப்பு வந்தபோது மேல் கக்கூஸில் யாரும் ஒரு சொம்பு தண்ணீர்கூட ஊற்றியிருக்கவில்லை. பொங்கியது எங்களுடையதே. நான் அப்போதும் படியடியில் நின்று கத்தியிருக்கிறேன். அதுவும் "சரிக்கா" என்று சொல்லியிருக்கிறது.

எழுந்தேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. முழங்கை வரை நாற்றம் பிடித்த கேரி பேக்கோடு யாரைத் தொடுவது? கண்ணைத் துடைக்கவும் கை இல்லை. அழுகையும் மூக்குமாக வாசலில் நின்றேன். தள்ளி நின்ற என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, தன் தோள் துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். முப்பது வருஷத்தில் அடைப்பு நேரத்தில் அவர் செய்த முதல் வேலை அது.

குளித்துவிட்டு மாடி ஏறி அந்தக் கக்கூஸிலிருந்த அட்டைப் பெட்டிகளை நானே ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். "தப்பு என் பேர்ல, மன்னிச்சிரும்மா" என்று சொன்னேன். யாரிடமும் அதிகம் சொல்லிப் பழகாத வார்த்தை, கரடுமுரடாகத்தான் வந்தது. "போறதும் இருக்கறதும் உங்க இஷ்டம். ஆனா தண்ணிய மட்டும் குடி." அவன் ஷிப்டு முடிந்து வந்ததும் அவனிடமும் சொன்னேன். "பாக்கறோம்க்கா" என்றான். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. கோபம் இருக்காதா? இருக்கத்தான் வேண்டும்.

கீழே வந்து ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிய காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தேன். கம்பெனியில் வகுப்பு எடுக்கும்போது முதலில் சொல்கிற பாடம், ஏன் என்று கேளுங்கள், யார் என்று கேட்காதீர்கள் என்பது. என் தாளில் மூன்றாவது கேள்வியே யார்தான். என் கீழ் வேலை பார்க்கிற பிள்ளை இப்படி எழுதிக் கொண்டுவந்திருந்தால் மூஞ்சியில் விட்டெறிந்திருப்பேன்.

அவர்கள் போகவில்லை. கட்டிய பெட்டிகளைப் பிரிக்கவும் இல்லை. மாதம் பிறந்து பத்து நாளாகியும் மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வரவில்லை. பால் வாங்கப் போகிற சாக்கில் அடுத்த தெருவுக்குப் போவதை ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லலாம் என்று வாய் வரை வரும். என் வாயால் சொன்னது போதாதா என்று அடக்கிக்கொள்வேன். வாசலில் அந்த மூடிக்கு மேல் மறுபடி டைல்ஸ் ஒட்டவில்லை. இரும்பு வளையத்தோடு அப்படியே கிடக்கிறது. வளையத்தை நடுப்புள்ளியாக வைத்து அதைச் சுற்றிக் கோலம் போடுகிறேன். லட்சுமி பார்த்து வரட்டும்.

அடுத்த அமாவாசையன்று காலை, கோலமாவோடு அந்த மூடிமேல் குனிந்திருந்தேன். மேலே பக்கெட் நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு கடகடவென்று பைப்பில் தண்ணீர் இறங்கி, சுவரை ஒட்டி வந்து, என் கைக்குக் கீழேயே மூடிக்கு அடியில் சலசலவென்று ஓடிப் போனது. பழைய பழக்கம், தலையைத் தூக்கி மாடியைப் பார்த்து வாயைத் திறந்துவிட்டேன். அந்தப் பெண் கைப்பிடிச் சுவரிலிருந்து பயந்துபோய் எட்டிப் பார்த்தது.

"இன்னொரு பக்கெட் ஊத்தும்மா!" என்று கத்தினேன்.

"சரிக்கா" என்று உள்ளே போனது. ஊற்றியது.